பத்துக் கேள்வி அட்டை

எண்பதுகளின் கடைசியில் எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு கட்டு பச்சை அட்டை வந்து இறங்கியது. ஒரு பக்கம் ஆறு மாதப் பிள்ளைக்குப் பத்துக் கேள்வி, மறுபக்கம் ஒன்றரை வயதுப் பிள்ளைக்குப் பத்துக் கேள்வி. தலை நிற்கிறதா, முகம் பார்த்துச் சிரிக்கிறதா, சத்தம் வந்த பக்கம் திரும்புகிறதா, காட்டிய பொருளைக் கை நீட்டிப் பிடிக்கிறதா என்று போகும். எதிரே இரண்டு கட்டம்: ஆம், இல்லை. அதைப் பார்த்ததும் எனக்கு வந்தது எரிச்சல்தான். என் தோள்பையில் ஏற்கெனவே பதினோரு ரெஜிஸ்டர் இருந்தது. பன்னிரண்டாவதற்கு இடமில்லை என்று டாக்டரின் முகத்துக்கு நேராகவே சொன்னேன். கோபம் வந்தால் எதிரே நிற்பது யார் என்று பார்க்கிற பழக்கம் எனக்கு அன்றும் கிடையாது, இன்றும் கிடையாது.

நான் கிராம நர்ஸ். பரளச்சிக்குத் தெற்கே கரிசல் காட்டுக்குள் ஐந்து ஊர் என் பொறுப்பு. அருப்புக்கோட்டையிலிருந்து காலை பஸ்ஸில் வந்து இறங்கி, தடுப்பூசி மருந்து இருக்கிற ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு, இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம் அடைத்த வண்டிப்பாதையில் நடப்பேன். புதன்கிழமை தடுப்பூசி. ஒவ்வொரு ஊருக்கும் மாதத்தில் ஒரு புதன். மற்ற நாட்களில் கர்ப்பிணிகளைப் பார்ப்பது, பிரசவம், குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஆள் பிடிப்பது. அந்தக் கடைசி வேலைக்குப் பயந்தே என்னைக் கண்டதும் கொல்லைப்பக்கமாக நழுவுகிற பெண்களும் உண்டு. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. நானும் விரட்டத்தான் செய்தேன்.

அட்டையைக் கொண்டுவந்தவர் அருப்புக்கோட்டையில் சொந்தமாக வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு குழந்தை டாக்டர். எங்கள் டாக்டரும் அவரும் பேசி ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள். ஊசி போடுகிற இடத்துக்கே ஆறு மாதப் பிள்ளைகளையும் வரவழைத்து நாங்கள் அட்டை நிரப்ப வேண்டும். நடக்கிற பிள்ளைகளுக்கு பால்வாடி டீச்சர்கள் நிரப்புவார்கள். இரண்டுக்கு மேல் ‘இல்லை’ விழுந்தால், அந்தப் பிள்ளையை மாதத்தின் முதல் வியாழக்கிழமை சுகாதார நிலையத்துக்கு வரவழைக்க வேண்டும். அன்று டவுன் டாக்டர் காசு வாங்காமல் வந்து பார்ப்பார். பயிற்சி நாளில் அவர் ஒன்று சொன்னார்.

“காய்ச்சலும் பேதியும் தானா உங்களைத் தேடி வந்துரும். வளர்ச்சி பின்தங்குன பிள்ளை வராது. அது வீட்டுக்குள்ளயே இருக்கும். நீங்கதான் அதைத் தேடிப் போகணும்.”

அவர் சொன்னது சரிதான். மூன்றரை மாதத்தில் மூன்றாவது ஊசி போட்டு அனுப்பினால், ஒன்பது மாதம் முடிந்து தட்டம்மை ஊசிக்குத்தான் பிள்ளை மறுபடி எங்கள் கண்ணில் படும். நடுவில் அதற்குத் தலை நின்றதா, குப்புற விழுந்ததா என்று கேட்பதற்கு ஆளே கிடையாது. அதை ஒத்துக்கொள்ள எனக்கு மனமில்லாமல், முணுமுணுத்துக்கொண்டே அட்டைக் கட்டை வாங்கிப் பைக்குள் திணித்தேன்.

என் ஐந்து ஊரில் ஒன்றில் ஊசி போடக் கட்டடம் இல்லை. டிராக்டர் வைத்திருந்த ஒரு விவசாயக் குடும்பம் தங்கள் பருத்திக் கொட்டகையை அதற்காக விட்டுக் கொடுத்திருந்தது. வீட்டில் அண்ணன் தம்பி இருவர், கல்யாணத்துக்கு நிற்கிற ஒரு தங்கை. மாமியார் இல்லாத வீடு, அதனால் அண்ணன் மனைவி சொன்னதுதான் சட்டம். தம்பி மனைவி எட்டாவது வரை படித்த சின்னப் பெண். நான் போவதற்கு முன்பே கொட்டகையைக் கூட்டி, சாக்கு விரித்து, ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு ஓரமாக நிற்பாள். அவர்களை நான் மூத்தவள், இளையவள் என்றே சொல்லிவிடுகிறேன். இரண்டு பேருக்கும் ஒரு மாத இடைவெளியில் பெண் பிள்ளை பிறந்தது. மூத்தவளுடையது ஒரு மாதம் பெரியது.

இளையவளின் பிள்ளை அழாது. காலையில் தொட்டிலில் போட்டால் மதியம் வரைக்கும் சத்தம் வராது. பால் கொடுக்க எழுப்ப வேண்டும். எழுப்பினாலும் நாலு வாய் குடித்துவிட்டு மறுபடி தூங்கிவிடும். மூத்தவளின் பிள்ளையோ பசித்தால் ஊரைக் கூட்டும். அது பருத்தி எடுக்கிற காலம். பிள்ளையை மரத்தடியில் தூளி கட்டிப் போட்டுவிட்டு, ஒரு கண் செடியிலும் ஒரு கண் தூளியிலுமாக அல்லாடுகிற பெண்களுக்குத் தூங்குகிற பிள்ளையைவிட வேறென்ன வேண்டும்? குடுத்து வச்சவ என்று எல்லோரும் இளையவளைச் சொன்னார்கள். மூன்றாவது ஊசி போட்டபோது அந்தப் பிள்ளை முகத்தைச் சுளித்து, தொண்டை கட்டின மாதிரி ஒரு முனகல் முனகியது. அவ்வளவுதான். நான் அதன் கன்னத்தைத் தட்டி, “சமத்துப் பிள்ள. இதப் பாத்து மத்ததெல்லாம் கத்துக்கணும்” என்றேன்.

உப்பின முகம், கொஞ்சம் வெளியே எட்டிப் பார்க்கிற நாக்கு, துருத்தின தொப்புள், நாலு நாளைக்கு ஒரு தடவை மலம். எல்லாம் என் கண் முன்னால்தான் இருந்தது. நர்சிங் பரீட்சையில் நான் எழுதிய பாடம்தான் அது. நல்ல மார்க்கும் வாங்கியிருந்தேன். இருந்தும் இந்த வாயால்தான் அந்தப் பிள்ளையைச் சமத்து என்றேன்.

அட்டை வந்தபின் அந்த ஊரில் வந்த முதல் புதன்கிழமை கொட்டகை நிறையப் பெண்கள். எனக்கு எதையும் மெதுவாகப் பேசத் தெரியாது. ஒவ்வொரு கேள்வியையும் உரக்க வாசித்து, பிள்ளையைச் செய்ய வைத்துப் பார்த்து, பதிலையும் உரக்கச் சொல்லித்தான் கட்டத்தில் குறித்தேன். முதல் பிள்ளைக்குப் பத்தும் ஆம். “பாஸு!” என்று சிரித்தேன். கொட்டகையே சிரித்தது. அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. அதற்கப்புறம் அது பாஸ் கார்டுதான். பெண்கள் பிள்ளையின் முகத்தைத் துடைத்து, பொட்டை அழித்துப் புதிதாக வைத்து, பரீட்சைக்கு அனுப்புகிற மாதிரி மடியில் நிமிர்த்திப் பிடித்தார்கள். இன்னொரு பிள்ளைக்கு நான் கிலுகிலுப்பையை ஆட்டியபோது, அதன் தாய் காதோரம் குனிந்து, “அந்தா பாருத்தா, பாரு” என்று சொல்லிக் கொடுத்தாள். காப்பி அடிக்கக்கூடாது என்று நான் வேறு கேலி பண்ணினேன். மூத்தவளின் பிள்ளை கிலுகிலுப்பையை என் கையிலிருந்து பிடுங்கியே விட்டது. அதற்கும் பாஸ்.

பிறகு இளையவள் தன் பிள்ளையைக் கொண்டுவந்து சாக்கில் படுக்க வைத்தாள். கையைப் பிடித்து மெல்லத் தூக்கினேன். தலை பின்னாலேயே தொங்கியது. “தலை நிக்கல. இல்லை” என்றேன். கிலுகிலுப்பைக்குத் திரும்பவில்லை. அதற்கும் இல்லை. சிரிக்க வைக்க என்னென்னவோ செய்தேன். அது என்னைத் தாண்டி எங்கேயோ பார்த்தது. ஒவ்வொன்றையும் அதே குரலில்தான் சொன்னேன். மொத்தம் ஆறு இல்லை. கொட்டகையில் சிரிப்பு அடங்கிவிட்டது. பின்னாலிருந்து ஒருத்தி, “ஃபெயிலா நர்ஸம்மா?” என்று கேட்டாள். நான் ஆமாம் என்று சொல்லவில்லை, அப்படியெல்லாம் சொல்லாதே என்று அவளை அதட்டவும் இல்லை. உத்தரத்தில் தொங்குகிற தராசில் பிள்ளையை வைத்து எடை பார்த்து ரெஜிஸ்டரில் எழுதினேன். ஐந்து கிலோ அறுநூறு. முதல் வியாழக்கிழமைக்குச் சீட்டு எழுதி, “கட்டாயம் வரணும்” என்று இளையவளின் கையில் கொடுத்தேன். அவள் சீட்டைப் பார்க்கவில்லை. மூத்தவளின் முகத்தைப் பார்த்தாள்.

அந்த வியாழக்கிழமை காலையில், என்னுடைய வேறொரு ஊரிலிருந்து தலைப்பிரசவத்துக்கு ஒருத்தியை மாட்டுவண்டியில் கொண்டுவந்தார்கள். பிரசவ அறையை விட்டு நான் வெளியே வரவே முடியவில்லை. கை கழுவிக்கொண்டு வந்தபோது மணி மூன்று. டவுன் டாக்டர் பஸ் ஏறிவிட்டார். எங்கள் டாக்டர் டீ குடித்துக்கொண்டிருந்தார். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர், கேலிக்காரர்.

“சிஸ்டர், நீங்க அனுப்புன பிள்ளை மேசை மேல எந்திரிச்சு நிக்கப் பாத்துச்சு. டாக்டரோட ஸ்டெதஸ்கோப்பை இழுத்து வாயில வச்சிருச்சு. தலை நிக்கலைன்னு எழுதியிருக்கீங்களே, கண்ணாடி போடுற வயசு வந்துருச்சா?”

கம்பவுண்டரும் சிரித்தார், ஆயாவும் சிரித்தாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. “அந்தப் பிள்ளைக்குத் தலை நிக்கல சார், என் கையால தூக்கிப் பாத்தேன்” என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஒரே ஒரு வாக்கியம். பன்னிரண்டாவது ரெஜிஸ்டருக்குச் சண்டை போட்டவளுக்கு அதற்கு வாய் வரவில்லை. பிள்ளை அன்றைக்குத் தூக்கக் கலக்கத்தில் இருந்திருக்கும், நான்தான் அவசரப்பட்டுவிட்டேன் என்று பஸ்ஸில் போகும்போது என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். பெரிய படிப்புப் படித்தவர் பார்த்துச் சொல்லிவிட்டார், நான் யார் என்று நினைத்தேன். அவமானம் வந்தால் மனது எவ்வளவு வேகமாகப் பொய் தேடுகிறது.

அடுத்த வாரமே அந்த ஊரின் புதன் வந்தது. இளையவள் டாக்டர் எழுதிய சீட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். ஆங்கிலத்தில் நாலு வரி. வளர்ச்சி சரியாக இருக்கிறது என்ற கடைசி வரியை மட்டும் பார்த்தேன். “பாத்தியா, பாஸாயிட்டா!” என்று, என் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளச் சத்தமாகச் சொன்னேன், கொட்டகையில் இருந்த எல்லோருக்கும் கேட்கட்டும் என்று. சீட்டில் பசை தடவி, ரெஜிஸ்டரில் அந்தப் பிள்ளையின் பக்கத்தில் ஒட்டினேன். இளையவள் சிரிக்கவில்லை. அவள் சுபாவமே அப்படி என்று விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு மூன்று மாதம் நான் அட்டை நிரப்பியதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. சந்தேகம் வந்தால் ஆம் போட்டேன். பிள்ளை திரும்பாவிட்டால் இன்னொரு தடவை, இன்னும் பக்கத்தில், முகத்துக்கு நேராகவே கிலுகிலுப்பையை ஆட்டினேன். அந்த மூன்று மாதத்தில் என் ஐந்து ஊரிலிருந்து ஒரு பிள்ளைகூட வியாழக்கிழமைக்குப் போகவில்லை. “இப்பத்தான் சிஸ்டருக்குக் கண்ணு தெரியுது” என்றார் டாக்டர். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். நடுவில் பருத்திக் கொட்டகை வீட்டுத் தங்கைக்கு எம்.ரெட்டியபட்டிப் பக்கம் கல்யாணம் முடிந்தது. எனக்கும் பத்திரிகை வைத்தார்கள். முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தேன். மூத்தவளின் பிள்ளை தவழ்ந்து வந்து இலையைப் பிடித்து இழுத்தது. இளையவளின் பிள்ளையைக் காணவில்லை. நான் கேட்கவும் இல்லை.

அப்புறம் வந்த புதனில் இரண்டு பிள்ளைகளுக்கும் தட்டம்மை ஊசி. மூத்தவளின் பிள்ளை ஊசியைக் கண்டதுமே கத்தி, என் கையைக் கடித்தது. அடுத்து இளையவளின் பிள்ளையைத் தூக்கினேன். ஈரத் துணியைத் தூக்குகிற மாதிரி கையில் வழிந்தது. பத்தாவது மாதம் நடக்கிற பிள்ளைக்கு இன்னும் தலை நிற்கவில்லை. ஊசி ஏறியபோது அதே முனகல். தராசில் வைத்தேன், ஆறு கிலோ நூறு. எழுதுவதற்காக ரெஜிஸ்டரைத் திறந்தேன்.

பக்கத்தில் என் கையெழுத்தில் ஐந்து அறுநூறு. அதற்குக் கீழே ஒட்டின சீட்டில், டாக்டரின் கையெழுத்தில், முதல் வரியிலேயே எடை இருந்தது. ஏழு கிலோ நானூறு. இரண்டுக்கும் நடுவில் மூன்று வாரம். எந்தப் பிள்ளையும் மூன்று வாரத்தில் இரண்டு கிலோ ஏறாது. பக்கத்தைத் திருப்பி மூத்தவளின் பிள்ளையைப் பார்த்தேன். அந்த மாதம் அதற்கு ஏழு முன்னூறு. படிக்காதவளுக்குக்கூட விளங்குகிற கணக்கு. மூன்று மாதமாக அந்த ரெஜிஸ்டரை நான்தான் தோளில் சுமந்துகொண்டு திரிந்தேன்.

மற்றப் பெண்களை வெளியே போகச் சொன்னேன். என் குரலைக் கேட்டே போய்விட்டார்கள். கொட்டகையில் நாங்கள் மூன்று பேரும் இரண்டு பிள்ளைகளும்தான்.

“அன்னைக்கு எந்தப் பிள்ளையக் கொண்டுபோய்க் காட்டுனீங்க?” என்று கேட்டேன்.

இளையவள் தரையைப் பார்த்தாள். மூத்தவள்தான் வாயைத் திறந்தாள். “எம்பிள்ளையத்தான்.”

“எதுக்கு?”

“ஃபெயிலுன்னு ஊரு பூராப் பேசிப்போச்சு நர்ஸம்மா. அந்த வாரம்தான் பொண்ணு பாக்க வாராக. வம்சத்துல கோளாறுன்னு ஒரு சொல்லு அவுக காதுல விழுந்தா எங்க நாத்தனா கதி என்ன? நீங்கதான பரீட்சைன்னு சொன்னீக. ஒருத்தருக்குப் பதிலா ஒருத்தர் போயி எழுதுறதில்லையா? டாக்டர் கையால ஒரு காயிதம் வாங்கிட்டா எல்லாரும் வாய மூடிருவாகன்னு நெனச்சேன். கல்யாணம் முடியவும் மருதைக்குக் கொண்டுபோயிக் காட்டணும்னுதான் இருந்தோம். இந்தப் பிள்ள எங்களுக்கு ஆகாதா? இதுவும் எங்க வீட்டு ரத்தந்தான?”

அவளை அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். ஓங்கின கையை என்ன செய்வதென்று தெரியாமல் ஐஸ் பெட்டியின் மூடியை அறைந்து சாத்தினேன். பரீட்சை என்ற பேச்சும் பாஸ் என்ற சொல்லும் என் வாயிலிருந்து வந்தவை. ஆறு இல்லையையும் ஊர் கேட்கப் படித்தவளும் நான்தான். ஒரு தாயைத் தனியாகக் கூப்பிட்டு மெதுவாகச் சொல்லியிருந்தால் இந்த ஆள்மாறாட்டத்துக்கே வேலை இருந்திருக்காது. அது அந்த நிமிஷமே எனக்கு விளங்கிவிட்டது. ஆனால் அதை அவர்களிடம் சொல்லவில்லை. அவர்களைத்தான் திட்டினேன், தொண்டை வற்றுகிற வரை திட்டினேன். இளையவள் அழுதுகொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் விடிந்ததும் மூன்று பேரும் பஸ் ஏறினோம். அருப்புக்கோட்டையில் இறங்கி மதுரை பஸ். வழி முழுக்க மூத்தவள்தான் அந்தப் பிள்ளையை மடியில் வைத்திருந்தாள். தன் பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு வந்ததால் பால் கட்டி அவள் மாராப்பு நனைந்திருந்தது. பாதி வழியில் இந்தப் பிள்ளைக்கே பால் கொடுக்கப் பார்த்தாள். அது நாலு வாய் குடித்துவிட்டுத் தூங்கிப்போனது. அப்போதுதான் அவள் அழுதாள். எனக்கு அவள் மேல் இருந்த கோபம் அந்த பஸ்ஸோடு போயிற்று. என் மேல் இருந்தது போகவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் பிள்ளையைப் பார்த்ததுமே அங்கிருந்த டாக்டரம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. ரத்தம் எடுத்து அனுப்பி, முடிவு வர ஒரு வாரமானது. கழுத்தில் இருக்கிற தைராய்டு சுரப்பி பிறவியிலேயே வேலை செய்யவில்லை. தினமும் காலையில் ஒரு சின்ன மாத்திரையைப் பொடித்துத் தாய்ப்பாலில் கலந்து கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் வைத்தியம்.

“பிறந்த ஒரு மாசத்துல தெரிஞ்சிருந்தா மத்தப் பிள்ளைங்க மாதிரியே வளர்ந்திருக்கும்” என்றார் அந்த டாக்டரம்மா. “இனிமே உடம்பு தேறிடும். மூளைக்கு ஆன சேதம் முழுசா திரும்பாது. இதுல ஒவ்வொரு மாசமும் கணக்கும்மா. ஆறு மாசத்துலயாவது கொண்டுவந்திருக்கக் கூடாதா?”

அவர் இளையவளைப் பார்த்துத்தான் கேட்டார். இளையவள் தலையைக் குனிந்துகொண்டாள். நான் பக்கத்தில் ரெஜிஸ்டர் பையோடு நின்றுகொண்டிருந்தேன்.

மாத்திரை தொடங்கி மூன்று நாலு வாரம் இருக்கும். நான் கொட்டகைக்குள் நுழைகிறேன், வீட்டுக்குள்ளிருந்து வீறிட்ட அழுகை. மூத்தவளின் பிள்ளை என்றுதான் நினைத்தேன். இளையவள் ஈரக்கையோடு ஓடிவந்தாள். “நர்ஸம்மா, எம்பிள்ள அழுகுது! வந்து பாருங்க, எப்பிடி அழுகுது!” அவள் பல் தெரியச் சிரித்து அன்றுதான் பார்த்தேன். இரண்டு பேரும் தொட்டில் பக்கத்தில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தோம். பசிக்கு அழுகிறது என்பது ரொம்ப நேரம் கழித்துத்தான் உறைத்தது.

தலை நின்றது. உட்கார்ந்தது. மூன்று வயது தாண்டி நடந்தது. மூத்தவளின் பிள்ளை பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனபோது, இது பால்வாடியில் தன்னைவிடச் சின்னதுகளோடு உட்கார்ந்திருந்தது. பேச்சு திக்கித் திக்கி வந்தது. சொன்ன காரியத்தைப் பாதியில் மறந்துவிட்டு நம் முகத்தைப் பார்த்துச் சிரிக்கும்.

ஆள் மாறின கதையைச் சுகாதார நிலையத்தில் சொன்னேன். டவுன் டாக்டர் அடுத்த வியாழக்கிழமை வந்தபோது முகம் செத்துப்போய் உட்கார்ந்திருந்தார். பிறகு எல்லாம் மாறியது. அனுப்பின நர்ஸ் பிள்ளையின் பக்கத்தில் நிற்காமல் அவர் பார்ப்பதில்லை. ரெஜிஸ்டரில் உள்ள எடையோடு ஒத்துப்பார்த்த பிறகுதான் பிள்ளையைத் தொடுவார். அட்டையை உரக்கப் படிக்கக் கூடாது, தாயிடம் தனியாகப் பேச வேண்டும் என்று நானே எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தேன். பக்கத்துச் சுகாதார நிலையங்களுக்கும் அந்த ஏற்பாடு பரவியது, திருச்சுழிப் பக்கமும் போயிற்று. பால்வாடி டீச்சர்கள் கூட்டத்தில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். ‘டாக்டர் விட்டதை எங்க சிஸ்டர் கண்டுபிடிச்சாங்க’ என்று அந்தக் கேலிக்கார டாக்டரே என்னை அறிமுகம் செய்தார். கை தட்டினார்கள். சீட்டில் எடை எழுதியிருந்ததையும், மூன்று மாதம் அது என் தோளில் தொங்கினதையும் நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மெமோ வரும் என்று பயந்தேன். அதைவிட, கை தட்டு நின்றுவிடும் என்று பயந்தேன்.

இளையவள் அதற்குப் பிறகு பிள்ளை பெற்றுக்கொள்ளவில்லை. “ஒண்ணப் பாழாக்குனது போதும் நர்ஸம்மா” என்று தானாகவே ஆபரேஷனுக்கு வந்தாள். நான் ஆள் பிடிக்காமல் வந்த கேஸ் என் கணக்கில் ஏறியது. ஊரில் யாரைப் பார்த்தாலும் அவள், “நர்ஸம்மா இல்லேன்னா எம்பிள்ளையே இல்ல” என்பாள். கேட்கிறபோதெல்லாம் நான் பேச்சை மாற்றிவிடுவேன். ஆள் மாற்றினது மூத்தவளின் யோசனை, ஊர் கேட்கச் சத்தம் போட்டது நான். ஆனால் முழுப் பழியையும் அவள் ஒருத்தியே தலையில் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

தொண்ணூறுகளின் நடுவில் எனக்கு விருதுநகர்ப் பக்கம் மாறுதல் வந்தது. பிள்ளைக்கு அப்போது ஏழு வயது. கடைசிப் புதன்கிழமை ஊசி முடிந்து எல்லோரும் போனபின் இளையவளை நிறுத்தினேன். அவள் சாக்கைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளை கொட்டகை வாசலில் உட்கார்ந்து சிந்திக் கிடந்த பருத்தியைப் பொறுக்கிப் பாவாடையில் சேர்த்துக்கொண்டிருந்தது. பயந்துகொண்டேதான் சொன்னேன்.

“ஒண்ணு சொல்லணும்த்தா. அன்னைக்கு நீ கொண்டுவந்து குடுத்த சீட்டுல எடை எழுதியிருந்துச்சு. நான் பாக்கல. பாத்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். மூணு மாசம் வீணாப் போனதுக்கு நாந்தான் காரணம். நீ இல்ல.”

அவள் சாக்கைச் சுருட்டி முடித்துச் சுவரோரம் சாத்தினாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். அழுவாள் என்றும் நினைத்தேன்.

“எனக்குத் தெரியும் நர்ஸம்மா” என்றாள். “எட்டாப்பு படிச்சவளுக்கு நம்பரு படிக்கத் தெரியாதா? அதப் பாத்துட்டுத்தான் ஒங்க கையில குடுத்தேன். என் வாயால சொன்னா அக்கா என்னைய வீட்டுல வச்சிருக்க மாட்டாக. நீங்களாக் கண்டுபிடிச்சா எம்மேல பேச்சு வராதுல்ல? அதான் பாப்பீகன்னு பாத்தேன். அன்னைக்குக் கேட்டேன், பிள்ளையத் தூக்கிட்டு வாரவா நர்ஸம்மான்னு. தூங்கட்டும்னு சொன்னீக. அடுத்த மாசமும் கேட்டேன், தூங்கட்டும்னீக. அதுக்கடுத்த மாசமும் கேட்டேன்.”

அவள் அப்படிக் கேட்டது எனக்கு நினைவில்லை. அன்றைக்கு பஸ்ஸில் யோசித்தேன், அதற்குப் பிறகும் எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். கொட்டகையின் பருத்தித் தூசி நினைவிருக்கிறது, யார் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதுகூட நினைவிருக்கிறது. அவள் கேட்டது மட்டும் வரமாட்டேன் என்கிறது. ஆனால் தூங்கட்டும் என்று நான் சொல்லியிருப்பேன். தூங்குகிற பிள்ளையைக் கண்டால் அப்படிச் சொல்வதுதான் என் வழக்கம்.